ஜவ்வாது மலைக்கு ஒரு புள்ளி

ஒரு புள்ளியைக் காப்பாற்றத்தான் அந்த மலைக்குப் போனேன். குண்டூசித் தலையளவுகூட இருக்காது. என் ஆய்வேட்டின் வரைபடத்தில், வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை இருக்கும் இடத்தில் நான் பென்சிலால் வைத்த புள்ளி. எங்கள் துறைத் தலைவர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில், "சீசா மாறியிருக்கலாம். வேறு ஆதாரம் இல்லையென்றால் நீக்கவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, வட்ட வலை கட்டும் சிலந்தி ஒன்றைப் பற்றி ஏழு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த இனத்தில் பெண்தான் பெரிது. கால்களை விரித்தால் என் உள்ளங்கையை நிறைத்துவிடும். கறுப்பு உடம்பு, அதில் மஞ்சள் கோடுகள். ஆண் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிது, பெண்ணின் வலையிலேயே ஒரு மூலையில் ஒண்டிக் குடித்தனம் பண்ணும். இந்தச் சிலந்தியின் நூல் வெள்ளை இல்லை, நல்ல பொன்மஞ்சள். அது எந்தெந்த மலையில் இருக்கிறது, எப்படிப்பட்ட இடத்தில் வலை கட்டுகிறது என்பதுதான் என் ஆய்வு. கொல்லிமலை, சேர்வராயன் மலை என்று மற்ற இடங்களுக்கெல்லாம் மையால் புள்ளி வைத்தாகிவிட்டது. ஜவ்வாது மலைக்கு மட்டும் தலைவரின் சம்மதத்துக்காகப் பென்சிலோடு நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு மாணவிகளோடு உல்லாசப் பயணம் போனபோது அந்த மலையில் வழியில் எங்கேயோ ஒன்றைப் பிடித்தேன். சீசாவில் போட்டு, என் கையாலேயே மலையின் பெயரும் நாளும் எழுதிச் சீட்டும் போட்டேன். ஆனால் அதே மாதம் கொல்லிமலைக்கும் போயிருந்தேன். தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். "இது ஈரக்காட்டுப் பூச்சியம்மா. ஜவ்வாது வறண்ட மலை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொல்லிமலை சீசாவில் தப்பான சீட்டைப் போட்டிருப்பீர்கள். மனிதர்தானே" என்றார் இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சீட்டு மாறியது என்று ஒப்புக்கொண்டால், மற்ற சீட்டுகளை மட்டும் யார் நம்புவார்கள்? புள்ளியை அழித்துவிட்டுப் பட்டத்தை வாங்கிக்கொள் என்று சிநேகிதிகள் சொன்னார்கள். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

இந்தச் சிலந்தியின் பெண் ஐப்பசி, கார்த்திகையில்தான் முழு வளர்த்தியாக இருக்கும். தை பிறப்பதற்குள் முட்டையிட்டுச் செத்துப்போகும். எனவே தீபாவளி கழிந்த கையோடு ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கல்லூரியில் ஒரு கேமரா உண்டு. அது தலைவரின் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. என் கணவர், "எதைப் பிடித்தாலும் சமையலறைக்குள் மட்டும் கொண்டு வராதே" என்று வழியனுப்பி வைத்தார்.

முதல் நாளே சோதனை. சிலந்தியை ஊறப்போட்டு வைப்பதற்காக ஒரு பெரிய பாட்டில் நிறையச் சாராய ஸ்பிரிட்டும், அதையே நிரப்பிய சின்ன சீசா ஒன்றும் பைக்குள் புடவை மடிப்பில் சுற்றி வைத்திருந்தேன். ஒடுகத்தூர் தாண்டியதும் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பைக்குள் 'களுக்' என்று ஒரு சத்தம். இரண்டு நிமிஷத்தில் பஸ் முழுக்க வாசனை. மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார்.

"யாரு சரக்கு எடுத்தாந்தது? மரியாதையா சொல்லிடுங்க!"

எல்லோரும் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தார்கள். அவர் பாவம், "நான் இல்லபா" என்று வாயை ஊதிக் காட்டினார். நான் எழுந்து நின்று, "என் பைதான்" என்றேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, பாக்க டீச்சர் கணக்கா கீற."

"டீச்சர்தான். இது குடிக்கிறதுக்கு இல்லை. சிலந்தியைப் போட்டு வைக்க."

இந்தப் பதில் நிலைமையை மோசமாக்கிவிட்டது. வேறு வழியில்லாமல் நோட்டைத் திறந்து, நான் வரைந்திருந்த சிலந்திப் படத்தைக் காட்டினேன். நோட்டு பஸ்ஸின் பின்கோடி வரை போய் வந்தது. வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "பூச்சிய ஊற வெக்கறதுக்காம்யா. வண்டிய எடு, வெயில் ஏறுது." பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தப் புடிக்கவா புள்ள குட்டிய வுட்டுட்டு இம்மாந்தூரம் வந்த?" என்றாள். பெரிய பாட்டில் சுக்கல் சுக்கலாகியிருந்தது. சின்ன சீசா மட்டும் தப்பியது. அதாவது, ஒரே ஒரு சிலந்திக்குத்தான் இடம்.

அடிவாரத்தில், சந்தைக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்பிய லாரி ஒன்றில் ஏறினேன். உப்பு மூட்டைக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவில் உட்கார இடம் கிடைத்தது. பாதி மலையில் அதன் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட, மீதியை எல்லோரும் நடந்தோம். வேலூரில் தீபாவளிக்கும் விசிறி சுற்ற வேண்டும். இங்கே சாயங்காலம் நான்கு மணிக்கே பல் கிடுகிடுத்தது. ஸ்பிரிட் வாசனையடித்த புடவையைப் போர்த்திக்கொண்டு பலாமரத்தூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊரில் வெள்ளையன் என்பவர் வீட்டில் தங்க ஏற்பாடு. எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தியின் சித்தப்பா மலைப்பள்ளியில் வாத்தியார். அவர் எழுதிக்கொடுத்த கடிதம்தான் எனக்குச் சிபாரிசு. வெள்ளையனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமையும் கேழ்வரகும் போடும் நிலம், நாலைந்து புளியமரம், இரண்டு மாடு. பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு யோசிக்கிற மனிதர். நோட்டிலிருந்த படத்தை நீட்டினேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"கீதுங்க. நெறைய கீது."

"மஞ்சள் நூலா இருக்குமா?"

"மஞ்ச நூல்தாங்க. கையில புடிச்சி இழுத்தா சட்டுனு அறாது."

ஏழு வருடத்தில் இவ்வளவு இனிப்பான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அப்போது என் அவசரம் முந்திக்கொண்டது. ஈரமான இடத்தில்தானே இந்தச் சிலந்தி வாழும், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது? "இங்க ஓடை எங்க இருக்கு? விடிஞ்சதும் நேரா ஓடைக்குப் போயிடணும். வழியில எங்கயும் நின்னு நேரத்த வீணாக்க வேணாம்" என்றேன். அவர் என்னவோ சொல்லக் கனைத்தார். அதற்குள் நான் இரண்டாவது ஓடை எங்கே என்று கேட்டுவிட்டேன். கனைத்ததோடு நிறுத்திக்கொண்டு, "போலாங்க" என்றார்.

அவர் மனைவி பச்சையம்மாள் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். சாமைச் சோறு அரிசிச் சோறு மாதிரி வாயில் வழுக்கிக்கொண்டு போகாது, மென்று தின்ன வேண்டும். குழம்பில் புது மண்சட்டி வாசனை. மூன்றாம் முறை போட வந்தபோது வேண்டாமென்று தட்டைக் கையால் மறைத்தேன். "டீச்சரம்மா, மல ஏறுற கால் கேக்கும், துன்னுங்க" என்று கைக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் நான் எழுந்து வருவதற்குள் வெள்ளையன் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் பனியில் நனைந்திருந்தது. கையிலிருந்த கோலை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"இவ்வளவு சீக்கிரம் எங்க போய்ட்டு வர்றீங்க?"

"வழி பாத்துட்டு வர்றேங்க" என்றார். மழைக்குப் பிறகு மரம் கிரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓடைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை எங்கள் தெருவைவிடச் சுத்தமாக இருந்தது. முள் இல்லை, தாழ்ந்த கிளை இல்லை. இரண்டு பக்கமும் புளியும் பலாவும் நின்றன, அப்பால் சாமைக்கொல்லை. நான் எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் ஓடையை நோக்கி நடந்தேன். ஓடையில் பாறைக்குப் பாறை தாவினேன், பொந்துக்குப் பொந்து குனிந்தேன், ஒருமுறை இடுப்பு வரை தண்ணீரில் உட்கார்ந்தேன். பெருக்கல் குறி போலக் காலை வைத்துக்கொண்டு உட்காரும் சின்னச் சிலந்திகள் இருந்தன. நீர்மேல் ஓடுகிறவை இருந்தன. என் சிலந்தி இல்லை. மத்தியானம் கரையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி உருண்டையைத் தின்றோம். "இங்க இல்லியேங்க" என்றேன். வெள்ளையன் ஓடையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, "ஆனா கீதுங்க டீச்சரம்மா" என்றார்.

மூன்றாம் நாள் வேறு ஓடை, இன்னும் தூரம். அதே கதை. திரும்பும்போது கடுக்காய் மரத்தடியில் மூன்று பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். படத்தைக் காட்டினேன்.

"ஐய, இதுவா? நெறைய கீதும்மா. மூஞ்சில அப்பிக்கும்" என்றாள் ஒருத்தி.

"எங்க வூட்டுக்காரரு தோள் மேலயே ஏறிக்கிச்சி ஒரு நாளு" என்றாள் இன்னொருத்தி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. வேலூரில் யாரிடமாவது முகவரி கேட்டால், தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், "இப்டியே நேரா போங்க" என்று கை காட்டுவார்கள். இவர்களும் வந்த விருந்தாளியின் மனம் கோணக்கூடாதென்று எதைக் காட்டினாலும் 'கீது' என்கிறார்களோ? அப்படியென்றால் தலைவர் சொன்னதுதான் சரியோ? அன்று படுக்கையில் கண்ணை மூடி, இரண்டு வருடம் முந்தைய அந்தச் சீட்டை எழுதிய நிமிஷத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பேனா மை, சீசாவின் மூடி, மாணவிகளின் கூச்சல் எல்லாம் ஞாபகம் வந்தன. ஆனால் அது இந்த மலையா, கொல்லிமலையா என்பது மட்டும் குழம்பியது. என் கையையே நான் நம்பாமல் போன நாள் அதுதான்.

நான்காம் நாள் காலையிலிருந்தே தூறல். முதல் ஓடைக்கே மறுபடி போனோம். பாறை வழுக்கி முழங்கை சிராய்த்தது, நோட்டு நனைந்தது. திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் பச்சையம்மாள், "கெடச்சிதா?" என்றாள். நான் இல்லையென்று தலையாட்டுவதற்குள் வெள்ளையன், "இங்கதாங்க கீது, நெறைய" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "கீது கீதுன்னு மூணு நாளா சொல்றீங்களே, எங்க கீது? ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டுனீங்களா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட வேண்டியதுதான? என்னைச் சந்தோஷப்படுத்த யாரு பொய் சொல்லச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் முறத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வெள்ளையன் தலைத்துண்டை எடுத்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு, மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பச்சையம்மாள் குரல் உயர்த்தாமல் சொன்னாள்: "அந்தாளு பொய் சொல்ல மாட்டாருங்க டீச்சரம்மா. கோவம் வரும், சண்ட போடுவாரு. பொய் சொல்ல மாட்டாரு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முகம் கழுவுகிற சாக்கில் வீட்டுக்குப் பின்னால் போனேன். தூறல் விட்டுச் சாயங்கால வெயில் சாய்வாக அடித்தது. சுவரோரம் வெள்ளையனின் கோல் சாத்தியிருந்தது. ஆளுயரக் கோல், நுனி கவையாகப் பிரிந்தது. அந்தக் கவையில் மஞ்சளாக என்னவோ சுற்றியிருந்தது. தாலிக்கயிறு மஞ்சளோ என்று முதலில் நினைத்தேன். கிட்டே போனேன். நூல்கண்டு மாதிரி, இரண்டு விரல் கனத்துக்குச் சுற்றிச் சுற்றி, மழையில் நனைந்து, வெயிலில் பளபளவென்று இருந்தது. தொட்டதும் விரலில் ஒட்டியது. அதற்குள் ஒரு கறுப்புக் கால், மூட்டில் மஞ்சள் புள்ளியோடு.

என் சிலந்தியின் கால் அது.

கோலைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். "இது இன்னாங்க?" என்றேன். நாலு நாளில் எனக்கே 'இன்னா' வந்துவிட்டிருந்தது.

"வழி பாக்கற கோலுங்க" என்றார், என்னைப் பார்க்காமலே.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த ஊரில் காலையில் முதலில் போகிறவர் கோலை முன்னால் நீட்டிக்கொண்டு போவது வழக்கம். இரவில் பாதைக்குக் குறுக்கே கட்டியிருக்கும் வலையைக் கவையில் சுற்றி எடுத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர் வந்து தங்கினால் அந்த வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே போய் வழியைச் சுத்தமாக்கி வைக்க வேண்டும். அது விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. போன வருடம் ஒரு அதிகாரி வந்தபோது ஒரே ஒரு வலை தப்பிவிட்டது.

"அவரு மூஞ்சில அப்பிக்கிச்சிங்க. நாலு பேர் எதிர்ல என்னை அடிக்காத குறையா திட்டுனாரு. பொம்பள நீங்க, படிச்சவங்க. உங்களுக்கு அப்டி ஆவக்கூடாதுன்னு ரெண்டு தபா நடந்து எடுத்தேன்."

"ஆனா நான் தேடி வந்ததே அத்தத்தானங்க!"

"நீங்கதான வழியில நிக்க வேணாம், நேரா ஓடைக்குப் போவணும்னீங்க? வழியில கட்றது எங்க வூட்டுப் பூச்சி. புஸ்தகத்துல போட்டது ஓடையிலயும் இருக்கும் போலன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியாததா?"

எங்கள் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் நான் முதலில் தேடுவது ஒட்டடைக் கம்பைத்தான். வெள்ளையனும் அதையே செய்திருக்கிறார். அவருக்கு ஒரு மைல் தூரத்துப் பாதையும் வீடு. அவர் காலையில் சுத்தமாக்கிக் கொடுத்த பாதையில் நடந்து போய், சிலந்தியைக் காணோமே என்று அவர் மேலேயே பாய்ந்திருக்கிறேன். என் சீட்டைத் தலைவர் நம்பாதது எனக்கு எப்படி எரிந்ததோ, அதையே நான் இவருக்குச் செய்திருந்தேன். அவமானமாக இருந்தது.

"தப்பு என் பேர்ல. நாலு பேர் எதிர்ல சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். இதை வாசலில் நின்று, அந்த முறத்துக்காரப் பெண்கள் காதில் விழும்படி, இன்னொரு தடவையும் சொன்னேன்.

வெள்ளையன் தொண்டையைக் கனைத்தார். "பூச்சிய நான் அடிக்கறதில்லீங்க. வலைய சுத்துனா அது மேல கிளைக்கு ஓடிடும். ராத்திரிக்கு அதே எடத்துல மறுபடி கட்டிக்கும். நாளைக்கு நான் வழி பாக்கலன்னா எல்லாம் இருக்கும்" என்றார்.

அதாவது, மூன்று நாளும் அவை என் தலைக்கு மேலே இலை மறைவில் உட்கார்ந்துகொண்டு, நான் கீழே ஓடையைத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

ஐந்தாம் நாள் காலை இரண்டு பேரும் கோல் இல்லாமல் கிளம்பினோம். வீட்டைத் தாண்டி முப்பது அடி இருக்காது. முதல் புளியமரத்துக்கும் வேலிக்கும் நடுவே, பாதைக்குக் குறுக்கே, பனித்துளி கோத்த மஞ்சள் வலை. நடுவில் அவள், தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். மேல் மூலையில் அரிசிமணியளவில் அவள் புருஷன். வெள்ளையன், "கீதா?" என்றார்.

"கீதுங்க" என்றேன்.

அந்த ஒரு மைலில் ஒவ்வொரு வலையும் எங்கே இருக்கும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது. நாள்தோறும் அறுத்து எடுக்கிறவர் அல்லவா? "அடுத்தது அந்தப் பலாவுல. அதுக்கப்புறம் கொல்லை முடியற எடத்துல" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். சொன்ன இடத்திலெல்லாம் இருந்தது. அடர்ந்த காட்டுக்குள் ஏன் இல்லை என்று கேட்டேன். "உள்ள ஈ கொசு எங்க பறக்கும்? ஆளும் மாடும் போற சந்துலதான் எல்லாம் பறக்கும். அதான் அங்க கட்டுது" என்றார். ஏழு வருடமாகக் கொல்லிமலையில் நானும் பாதையோரத்தில்தான் பிடித்திருக்கிறேன். ஆனால் நான் பாதையில் நடந்ததால்தான் அங்கே கிடைத்தது என்று நினைத்திருந்தேன். நனைந்த நோட்டில் பென்சிலால் தாள் கிழியக் கிழிய எழுதினேன்: பாதையின் அகலம், வலையின் உயரம், எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்கு என்று.

சீசா ஒன்றுதான் இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சீட்டில் 'பிடித்தவர்' என்ற இடத்தில் வெள்ளையனின் பெயரை எழுதினேன். அந்தக் கோலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பச்சையம்மாளுக்கு இதுதான் புரியவில்லை. "பலாப்பழம், தேன், எத்தினி கீது இந்த மலையில! ஒட்டட சுத்துன கோலத் தூக்கிக்கினு போறாங்களே" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

கோலைப் பஸ்ஸில் கொண்டுவந்தது தனிக்கதை. அதே கண்டக்டர். "இன்னிக்கு இன்னாம்மா? தூண்டிலா?" என்று கேட்டு முன்சீட்டில் சாத்தி வைத்தார்.

மறுநாள் சீசாவையும் கோலையும் தலைவரின் மேஜைமேல் வைத்தேன். சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனம் சரிதான் என்றார். பிறகு சீட்டைப் படித்தார்.

"யார் இந்த வெள்ளையன்?"

"பலாமரத்தூர் விவசாயி சார்."

"அவர் சொல்வதை எப்படியம்மா எடுத்துக்கொள்வது? போன தடவையும் சீசாவும் சீட்டும் இருந்தது. இந்தத் தடவையும் சீசாவும் சீட்டும்தான் இருக்கிறது. கோல் எந்த மலையில் இருந்து வந்தது என்று கோல் சொல்லுமா?"

பழைய நான் என்றால் அழுதிருப்பேன். அன்று எனக்கு வேறு புத்தி வந்தது. "அவர் சொன்னதை மூணு நாள் நானும் நம்பல சார். அதனால மூணு நாள் வீணாச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வாங்க. இல்லேன்னா புள்ளிய என் கையால நானே அழிச்சிடறேன்" என்றேன். அவர் சீசாவை மேஜை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "ஜீப் கிடைக்குமா பார்க்கிறேன்" என்றார்.

கிடைத்தது. தலைவர் நல்ல உயரம், நிமிர்ந்து நடக்கிற மனிதர். தலையைத் தாழ்த்தி நான் பார்த்ததே இல்லை. பலாமரத்தூரில் இறங்கியதும் வெள்ளையன் கைகூப்பினார். வழி பார்க்கவேண்டாம் என்று முந்தின நாளே வாத்தியார் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆனாலும் பெரிய மனிதரைச் சுத்தம் செய்யாத பாதையில் அழைத்துப் போவது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பக்கம் வந்து, "டீச்சரம்மா, பாத்துக்கங்க, அப்புறம் என்னைத் திட்டப் போறாரு" என்று முணுமுணுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

தலைவர் குடைநுனியால் மண்ணைக் கீறிக் காட்டிக்கொண்டே வந்தார். "பாருங்களேன், எவ்வளவு வறட்சி. இந்த மண்ணில் எப்படியம்மா..." வெள்ளையன், "குனிங்க சார்" என்று குனிந்தார். நானும் குனிந்தேன். தலைவர் குனியவில்லை.

வலை அவர் மூக்குக்கண்ணாடியில் தொடங்கி இரண்டு காது வரை அப்பிக்கொண்டது. சிலந்தி அவர் தோளில் இறங்கி, குடையின் மேல் நிதானமாக நடந்து, வேலிக்கிளையைப் பிடித்துக்கொண்டது. வெள்ளையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சார், மன்னிச்சிக்கங்க சார், நேத்தே எடுத்திருப்பேன், டீச்சரம்மாதான் வாணாம்னு..." என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர் அசையவில்லை. கண்ணாடியை மெல்லக் கழற்றினார். அதிலிருந்து ஒரு நூலை இரண்டு விரலால் பிரித்து எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மஞ்சள். இழுத்துப் பார்த்தார். சட்டென்று அறவில்லை.

"இதை நாள்தோறும் எடுத்துவிடுகிறவர் நீங்கள்தானா?" என்று வெள்ளையனைக் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"எத்தனை வருஷமாக?"

"நெனவு தெரிஞ்ச நாளா எடுக்கறோங்க. எங்கப்பாரும் எடுத்தாரு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "வரைபடம் கொண்டு வந்திருக்கிறீர்களா?"

கொண்டு வராமல் இருப்பேனா? ஜீப்புக்குத் திரும்பி வந்து, அதன் முகப்பில் விரித்தேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். காதோரம் இன்னும் மஞ்சள் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பென்சில் புள்ளியின் மேலேயே மையால் வைத்தேன். அவர் பேனாவின் முனை தடிப்பாக இருந்ததால் மற்றப் புள்ளிகளைவிட இது சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது.

வெள்ளையன் எட்டிப் பார்த்தார். "இது எங்க மலையா?"

"ஆமாங்க."

"இம்மாத்தூண்டு புள்ளிக்காகவா டீச்சரம்மா அன்னிக்கு அவ்ளோ கோவம் வந்துச்சி?"

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. தலைவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"மிச்சத்தையும் பார்த்துவிடலாம். நீங்கள் முன்னால் போங்கள் வெள்ளையன்" என்றார். "குனிய வேண்டிய இடம் வந்தால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."

அடுத்த பலாமரத்தில் வெள்ளையன் ஊருக்கே கேட்கும்படி, "குனிங்க சார்!" என்றார். மூன்று பேரும் குனிந்து போனோம்.